ஆவடி வானர மகாத்மியம்

அம்பத்தூர் எஸ்டேட்டை 1964ல் ஆரம்பித்தார்கள் என்று அரசாங்கம் சொல்கிறது. ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் சென்னைக்கு மேற்கே முதல் தொழிற்பேட்டை அதுவல்ல. திருவள்ளூர் தாண்டி, பூண்டி ஏரியையும் தாண்டிப் போனால் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் என்றொரு சிற்றூர். அங்கே 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வேலை நடந்திருக்கிறது. யூனியன் கிடையாது, போனஸ் கிடையாது, கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிப் புகாரும் இருந்திருக்காது. உற்பத்தி ஒரே பொருள்: கல்லால் ஆன கைக்கோடரி.

1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். நம்மவர்கள் அதே கல்லைத் தாண்டித் தாண்டி நடந்தவர்கள்தான், குனியத் தோன்றவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கற்களைக் கண்டார்கள். பிறகு நம் காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே வருஷக்கணக்கில் பொறுமையாகத் தோண்டி, அந்தக் கோடரிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்று 2011ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

வில்லங்கம் இனிமேல்தான். நம்ம ஜாதி, அதாவது ஹோமோ சேப்பியன்ஸ், பூமிக்கு வந்தே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அப்படியானால் அதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து கல் செதுக்கியவர் யார்? கோடரியை விட்டுப்போனவர் எலும்பை விட்டுப்போகவில்லை. முகம் தெரியாது, பெயர் தெரியாது. நேர்த் தாத்தா என்று சொல்லிக்கொள்ளச் சாட்சி இல்லை. ஒன்றுவிட்ட பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். ‘நாங்கள் பூர்வீகம்’ என்று திருவள்ளூர் மாவட்டத்தில் யாராவது மார்தட்டினால், மேலே பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் மூல பத்திரம் காணாமல் போயிருக்கிறது என்று மெதுவாக நினைவுபடுத்தவும்.

அந்த உற்பத்திப் பெருமையிலும் ஒரு பங்காளி பிரச்சினை கிளம்பியிருக்கிறது. தாய்லாந்தில் நீள்வால் குரங்குகள் எண்ணெய்ப் பனையின் கொட்டையைக் கல்லால் உடைக்கின்றன. கல்மேல் கல் பட்டுச் சில்லுகள் தெறிக்கின்றன. அந்தச் சில்லுகளும், ஆதி மனிதன் அறிவைச் செலவழித்துச் செய்தவை என்று நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் சில்லுகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று 2023ல் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். கைக்கோடரி வேறு விஷயம். இரண்டு பக்கமும் செதுக்கிய அதை யாரோ மனசில் வடிவம் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் மற்றச் சில்லுகளுக்குக் கீழே ‘கற்காலக் கருவி’ என்று அட்டை எழுதும்போது இனி ஒரு கணம் யோசிக்க வேண்டும். கொட்டை தின்றவர் காப்புரிமை கேட்டு வந்துவிடக்கூடும்.

இந்தக் குரங்குகள் வெளியூர்க்காரர்கள். நம் ஊர்க்காரர் குல்லாய்க் குரங்கு. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதவர். உச்சந்தலையிலிருந்து முடி நாலாபக்கமும் படிந்து நிற்கும். அதற்குத்தான் குல்லாய்ப் பட்டம். 1812ல் ழொஃப்ருவா என்ற பிரெஞ்சுக்காரர் இவருக்கு விஞ்ஞான உலகில் ஞானஸ்நானம் செய்துவைத்தார். நாமோ அதற்கு வெகுகாலம் முன்பே இவரை வசவாக மாற்றியாயிற்று. ‘பிள்ளையார் பிடிக்கக் குரங்காச்சு’ என்கிறோம். எந்தக் குரங்கும் பிள்ளையார் செய்யக் கிளம்பவில்லை; களிமண்ணைக் குழைத்ததும் கோட்டைவிட்டதும் நாம். கெட்டபெயர் மட்டும் அதற்கு. பூமாலை விஷயமும் அப்படியே. குரங்கு கையில் கொடுத்தது எந்த மடையன் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

சங்கப் புலவர்களுக்கு இந்த விஷயத்தில் நியாய உணர்ச்சி கூடுதல். ஊன்பொதி பசுங்குடையார் என்ற புலவர் சோழன் இளஞ்சேட்சென்னியைப் பாடி, மூட்டை மூட்டையாக நகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வறுமையிலேயே உழன்ற குடும்பம். நகையைக் கண்ணால் பார்த்ததில்லை. விரலுக்கு உரியதைக் காதில் மாட்டினார்கள், காதுக்கு உரியதை விரலில் மாட்டினார்கள், இடுப்பில் கட்டுவதைக் கழுத்தில் போட்டு, கழுத்துக்கு உரியதை இடுப்பில் சுற்றினார்கள். புலவருக்கு உடனே நினைவு வந்தது, ராவணன் தூக்கிப்போனபோது சீதை கழற்றிப்போட்ட நகைகளை எடுத்து மாட்டிக்கொண்ட குரங்குக் கூட்டம். புறநானூற்றில் 378வது பாட்டு. தமிழ் இலக்கியத்துக்குள் ராமாயணம் தலைகாட்டும் மிகப் பழைய இடங்களில் ஒன்று இது. தலைகாட்டியதே குரங்குகளின் நகைக்கடைக் காட்சியோடுதான். ஆனாலும் புலவர் சிரித்தது குரங்கைப் பார்த்து அல்ல, தன் சொந்தபந்தத்தைப் பார்த்து. இந்த நேர்மை பிற்காலத்தில் போய்விட்டது.

இப்போது பூந்தமல்லிக்கு வருவோம். பஸ் டெப்போவும் பிரியாணிக் கடையும் மெட்ரோ தூணுமாக இன்று நிற்கும் இந்த ஊர், ஒரு காலத்தில் தத்துவ விசாரணைக்குப் போகும் பாதை. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசியவர். வீசிக்கொண்டே பெருமாளோடு பேசியவர் என்பது ஐதீகம். ராமானுஜருக்குச் சந்தேகம் வந்தபோது அவரே நேரில் கேட்காமல் நம்பியைவிட்டுத்தான் பெருமாளிடம் கேட்டு வரச் சொன்னார். பெருமாள் ஆறே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பினார். (இன்று ஒரு பட்டா மாறுதலுக்குக்கூட ஆறு வார்த்தையில் பதில் கிடைக்காது.) பக்கத்தில் திருமழிசை, ஆழ்வாரின் ஊர். அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த இடம். நேரே போனால் காஞ்சி.

ராமானுஜருக்குப் பின் வந்தவர்கள் ஒரு கேள்வியில் இரண்டாகப் பிரிந்தார்கள். மோட்சம் பெற மனிதன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, அல்லது எல்லாவற்றையும் பெருமாளே பார்த்துக்கொள்வாரா? வடகலையார் குரங்கைச் சாட்சிக்கு அழைத்தார்கள். தாய் மரத்துக்கு மரம் தாவும். குட்டிதான் அதன் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடியை விட்டால் போச்சு. இது மர்க்கட நியாயம். தென்கலையார் பூனையை அழைத்தார்கள். குட்டி கண்ணைக்கூடத் திறக்க வேண்டாம்; தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும். இது மார்ஜார நியாயம்.

உலக மதங்களில் சிங்கம் இருக்கிறது, ஆட்டுக்குட்டி இருக்கிறது, புறா இருக்கிறது. பெரும்பாலும் அவை அடையாளங்கள். இங்கே குரங்கு ஒரு வாதத்தின் முக்கியச் சாட்சி. எழுநூறு ஆண்டுகளாகக் குறுக்கு விசாரணை நடந்தும் சாட்சி பிறழவில்லை. சண்டை பிறகு நாமத்துக்கும், யார் முதலில் பாடுவது என்பதற்கும் தாவி, வெள்ளைக்காரன் கோர்ட் வரை போயிற்று. கோர்ட்டுக்குப் போனவர்கள் மனிதர்கள். குரங்கு அதே பழைய நியாயப்படி குட்டியைச் சுமந்துகொண்டிருந்தது. சந்தேகமிருந்தால் ஆவடிப் பக்கம் காம்பவுண்டுச் சுவரில் தாய்க்குரங்கு ஓடுவதைப் பாருங்கள். குட்டி அடிவயிற்றில் தலைகீழாகத் தொங்கும். நாலு கையும் (காலும் அதற்குக் கை மாதிரிதான்) ரோமத்தை இறுக்கியிருக்கும். தாய் சுவரிலிருந்து தகரக் கூரைக்குப் பாயும்போது குட்டியைப் பிடிக்க ஒரு விரலைக்கூட ஒதுக்காது. இந்தக் காட்சியைப் பூந்தமல்லிச் சாலையோரப் புளியமரத்தில் பார்த்துவிட்டுத்தான் யாரோ ஓர் ஆசாரியர் காஞ்சிக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆதாரம் கேட்காதீர்கள்.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்து பூந்தமல்லியில் கன்டோன்மெண்ட் போட்டான். கப்பலில் வந்திறங்கிய சிப்பாய்கள் தங்குமிடம். அவர்களுடைய ராஜ்யம் முழுக்கக் குரங்குகளோடு ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. ஜிப்ரால்டர் பாறையில் குரங்குகள் இருக்கும்வரை பிரிட்டிஷ் ஆட்சியும் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே எண்ணிக்கை குறைந்ததும் சர்ச்சிலே தலையிட்டுப் புதுக் குரங்குகளைக் கொண்டுவரச் செய்தார். இன்றும் ஜிப்ரால்டர் அவர்களிடம்தான் இருக்கிறது. பூந்தமல்லியில் இப்படி ஒரு முன்னெச்சரிக்கை எடுத்தார்களா தெரியவில்லை. முடிவு நமக்குத் தெரியும்.

1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், அம்பத்தூர் ஆவடி வழியாக ஓடிற்று. ரயில்வேக்குக் குரங்கு எவ்வளவு உபயோகப்படும் என்பதைத் தென்னாப்பிரிக்காக்காரன்தான் புரிந்துகொண்டான். அங்கே யூட்டன்ஹேக் ஸ்டேஷனில் இரண்டு காலும் இழந்த ஒரு சிக்னல்மேனுக்கு உதவியாக ஜாக் என்ற பபூன் லீவர் இழுத்தது. தினக்கூலி உண்டு, வாரத்துக்கு அரை பாட்டில் பீரும் உண்டு. 1890ல் சாகும்வரை ஒரு தப்புக்கூட செய்யவில்லை என்பது சரித்திரம். நம்மூரில் அந்த வழக்கம் வரவில்லை. ‘சிக்னலுக்காக வண்டி நிற்கிறது’ என்று அம்பத்தூருக்கும் பட்டரவாக்கத்துக்கும் நடுவே நிற்கும்போது ஜாக்கை நினைத்துக்கொள்வது என் பழக்கம்.

1955 ஜனவரிக்கு வருவோம். ஆவடியில் காங்கிரஸ் மகாசபை. காமராஜர் முதலமைச்சர், தேபர் தலைவர், நேரு நடுநாயகம். ‘சோஷலிச பாணி சமுதாயம்’ அமைப்பது என்று இந்தப் பொட்டலில்தான் தீர்மானம் போட்டார்கள். எல்லாருக்கும் சம வாய்ப்பு. மரத்திலிருந்து இதைக் கேட்ட குரங்குக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஏனென்றால் அங்கே நடைமுறை வேறு. பொம்பளைப் பிள்ளை பிறந்த கூட்டத்திலேயே இருக்கும். அம்மாவுக்கு என்ன அந்தஸ்தோ அதுதான் மகளுக்கும். ஆம்பளைப் பிள்ளை பெரியவனானதும் பெரும்பாலும் கூட்டத்தைவிட்டுக் கிளம்பி, வேறு கூட்டத்தில் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். வாரிசு அரசியல் பெண்வழி. நம் கட்சிகளில் பெரும்பாலும் ஆண்வழி. சிம்மாசனத் தகராறு இரண்டிலும் ஒன்றுதான். என்றாலும் குல்லாய்க் குரங்கு ஆண்கள் சண்டை போட்ட கையோடு கட்டிப்பிடித்துக்கொள்ளும், ஒன்றுக்கொன்று பேன் பார்த்துவிடும். மற்ற மக்காக் இனத்து ஆண்களிடம் இந்த அளவு சிநேகம் அபூர்வம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். கோஷ்டிகள் ஒன்றுசேர்ந்ததாகப் போட்டோ எடுத்துக்கொள்ளும் தலைவர்கள் பேன் பார்ப்பதை நான் இதுவரை கண்டதில்லை.

அதே 1955 ஜனவரியில் இன்னொரு சம்பவம். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த வடநாட்டு ரீசஸ் குரங்குகளை லண்டன் விமான நிலையத்தில் ஒரு வேனுக்குள் அடைத்துவைத்தார்கள். காற்றில்லாமல் ஏறக்குறைய 400 குரங்குகள் செத்தன. எதற்காகப் போனவை? போலியோ தடுப்பூசி. குரங்கின் சிறுநீரகத் திசுவில்தான் அந்தக் கிருமியை வளர்த்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் சால்க்கின் ஊசி வெற்றி என்று அமெரிக்காவில் சர்ச் மணி அடித்தார்கள். மனிதக் குழந்தை நடந்தது; குரங்குக் குட்டி கூண்டிலேறியது. ஐம்பதுகளின் கடைசியில் நாம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதி செய்தோம். 1978ல் மொரார்ஜி தேசாய் அரசுதான் முழுசாக நிறுத்தியது. ஆட்டோவின் பின்னால் ‘ஓ பாசிட்டிவ்’ என்று ரத்த வகை எழுதியிருக்கிறதே, அந்த பாசிட்டிவ் ஆர்ஹெச் சமாசாரம். அதன் பெயரும் ரீசஸ் குரங்கிலிருந்து வந்ததுதான். 1940ல் லேண்ட்ஸ்டைனரும் வீனரும் அதன் ரத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை போடுபவர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியான விலாசத்துக்குத்தான் அனுப்புகிறார்கள்.

அறுபதுகளில் தொழிற்சாலைகள் கூட்டமாக வந்தன. டிஐ சைக்கிள், டன்லப் முன்பே வந்தாயிற்று. பாடியில் லூகாஸ், சுந்தரம் கிளேட்டன். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. முதலில் விஜயந்தா செய்தார்கள், பிறகு அர்ஜுன். பெயர் வைத்தவர் பாரதம் படித்திருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. அர்ஜுனன் தேர்க்கொடியில் உட்கார்ந்திருந்தவர் அனுமார். தேரை எரியாமல் காத்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்று கதை. ஆவடி அர்ஜுனுக்கு லேசர் அது இது என்று என்னென்னவோ வைத்தார்கள்; கொடிக்காரரை மறந்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடையாள அட்டை கேட்காமல் உள்ளே போகக்கூடிய ஒரே ஆளாக ராணுவக் காம்பவுண்டு மரங்களில் குடும்பத்தோடு குடியிருக்கிறார்.

அங்கிருந்து குடியிருப்புகளுக்கு வருகை காலை நேரத்தில். ஆவடியில் உறவுக்காரர் வீட்டு மாடியிலிருந்து ஒருநாள் பார்த்தேன். கீழே கேட்டில் தொங்கிய பையில் மூன்று ஆவின் பாக்கெட். வந்த கடுவன் நீலத்தை எடுத்தது, வைத்தது. பச்சையை எடுத்தது, வைத்தது. ஆரஞ்சை எடுத்து, மூலையை மட்டும் கடித்துத் துப்பி, இரண்டு கையாலும் மெல்ல அமுக்கிக் குடித்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பக்கத்துப் பையில் கொத்தமல்லிக் கட்டும் இஞ்சித் துண்டும் இருந்தன. இஞ்சியை முகர்ந்து பார்த்து ஓரமாக வைத்துவிட்டது. தின்னவேயில்லை. பழமொழி செய்தவர் வம்பாகத் திணித்திருக்க வேண்டும்.

கீழ் வீட்டு அம்மாள் கத்தினார்: “வாட்ச்மேன் அண்ணே! வந்து தொரத்துங்கண்ணே, பால எடுத்துடுச்சு!”

“நீங்க உள்ள போயி கதவ சாத்துங்கம்மா. அது கடுவன். வாயத் தொறந்து மெரட்டுது பாருங்க.”

“நீங்க குச்சிய எடுத்துக்கினு வாங்கண்ணே!”

“குச்சிய நேத்தே அது புடுங்கிக்கினு போயிடுச்சும்மா. பாலோட வுட்டுச்சேன்னு சந்தோசப்படுங்க. மூணாவது மாடில பர்ஸ தூக்கிடுச்சு. உள்ள ஆதார் கார்டு.”

“ஆதாரா? அதுக்கு எதுக்கு?”

“இம்மா வருசமா இங்கியேதான கீது. அட்ரஸ் ப்ரூஃப் வாணாமா?”

டெல்லியில் இந்தத் தகராறு பெரிது. அங்கே பார்லிமெண்ட் பக்கம் குரங்குகளை விரட்ட, முதலில் கருமுகக் குரங்குகளை வாடகைக்கு வைத்தார்கள். வனவிலங்குச் சட்டம் குறுக்கே வந்தது. ஆகவே அந்தக் குரங்குபோலக் குரல் கொடுக்க 40 இளைஞர்களை வேலைக்கு அமர்த்தியிருப்பதாக 2014ல் மத்திய அமைச்சர் வெங்கையா நாயுடு மாநிலங்களவைக்கே தெரிவித்தார். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று டார்வின் சொன்னதாக எல்லாரும் தப்பாகச் சொல்கிறார்கள். பொது மூதாதை என்றுதான் அவர் சொன்னார். மனிதனிலிருந்து குரங்கு வரும், அதுவும் அரசுச் சம்பளத்தில் வரும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நம் ஊர்க் குரங்குகள் ஏன் வீட்டுக்கு வருகின்றன? பூந்தமல்லி நெடுஞ்சாலையும் எம்.டி.எச். ரோடும் ஒரு காலத்தில் ஆலும் அரசும் புளியும் நின்ற சாலைகள். சாலையோர மரம்தான் குல்லாய்க் குரங்குக்குப் படுக்கை, பந்தி எல்லாம். சாலையை அகலமாக்கினோம், மரம் போயிற்று. மைசூர்ப் பக்கச் சாலைகளில் பல்லாண்டு எண்ணிவந்த மேவா சிங் குழுவினர், மரம் குறையக் குறையக் கூட்டமும் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ‘ஊரெல்லாம் குரங்காகிவிட்டது’ என்று நாம் அலுத்துக்கொள்ளும் இந்த இனத்தை உலகப் பட்டியலில் அழியும் வாய்ப்புள்ளது என்று சேர்த்தாயிற்று. மிச்சமிருப்பவர்கள் பிழைப்பைக் கற்றுக்கொண்டார்கள். பந்திப்பூரில் சுற்றுலாக்காரர்களைப் பார்த்துக் கையை நீட்டி, ‘கூ’ என்று ஒரு தனிக் குரலும் கொடுத்து, தின்பண்டம் வைத்திருப்பவர் முகத்தைக் கவனித்துக் கேட்கின்றன என்று அனிந்திய சின்ஹா குழு 2018ல் எழுதியது. பிச்சை கேட்கக் கற்றுக்கொடுத்த குருநாதர் யார் என்று கட்டுரையில் பெயர் இல்லை. நாம்தான்.

ஆகையால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை புண்ணியத்துக்கு வாழைப்பழம் நீட்டாதீர்கள்; பன்னும் சிப்ஸும் வேண்டவே வேண்டாம். பால் பையைக் கேட்டில் தொங்கவிடாமல் உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டி மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காதீர்கள். அவர்கள் பாஷையில் அது சண்டைக்கு அழைப்பு. கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட்டால் தீர்ந்தது என்று மனு எழுதுபவர்களும் கவனிக்கவும்: குப்பைத் தொட்டி திறந்தே கிடந்தால், காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வந்துவிடும். முடிந்தால் பருத்திப்பட்டு ஏரிக்கரையிலோ கொரட்டூர் ஏரிக்கரையிலோ ஓர் ஆலங்கன்றும் ஓர் அத்திக்கன்றும் நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.